மேற்குச் சுவரின் மட்டம்

நவம்பர் 17, திங்கள்

மழை ஆறாவது நாள். காலையில் கீழ்வீட்டுச் சங்கவி மாடியேறி வந்து, படுக்கையறையின் மேற்குச் சுவரில் கருப்பாகப் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது என்றாள். ஒரு மாதிரி நாற்றமும் அடிக்கிறதாம். குடிவந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் புகார். ஈரத் துணியை எல்லாம் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டால் சுவர் என்ன செய்யும், ஜன்னலைத் திறந்து வை என்று சொல்லி அனுப்பினேன். கொசு வருகிறது என்றாள். கொசுவுக்கும் நான்தான் பொறுப்பு போலிருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, பள்ளிக்கூட அரிசி மூட்டையில் ஒரு பூச்சி, ஒரு பூஞ்சை அண்டாமல் காப்பாற்றியவள் நான். எனக்கே ஈரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

மாலையில் பருப்பு உருண்டைக் குழம்பு. ஒருத்திக்குச் சமைப்பது சலிப்பாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

போய்ப் பார்த்தேன். அப்படி ஒன்றும் மோசம் என்று சொல்ல முடியாது. உத்தரத்துக்குக் கீழே ஒரு முறம் அளவுக்குக் கருப்பு, அதிலிருந்து சுவர் அலமாரி வரை சிறு சிறு புள்ளிகள். ஈரத் துணியால் துடைத்தேன், துணியோடு வந்துவிட்டது. பார்த்தாயா, அவ்வளவுதான் என்றேன். சங்கவிக்குப் பேச்சு குறைவு. ஆனால் பார்வையாலேயே பாக்கியைச் சொல்லிவிடுவாள்.

அலமாரியின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் செய்தித்தாள் ஈரம் ஏறி உப்பியிருந்தது. அதைப் பிய்த்துவிட்டுப் புதுசு ஒட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கிழித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும், அப்படியே இருக்கட்டும் என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. குழந்தை இலக்கியா என்னை நிமிர்ந்து பார்த்தது.

அதற்கு ஐந்து வயது. யூ.கே.ஜி. என்னை ‘மாடி பெரிம்மா’ என்று கூப்பிடுகிறது. மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறும். பதினாறு படி. எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஒன்பது.

நவம்பர் 22, சனி

மழை விட்டது. கொடியில் போர்வை. மோட்டாரில் சத்தம், ஆளைக் கூப்பிட வேண்டும்.

இலக்கியாவுக்கு இருமல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் இல்லாமல் முடிவதில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

இருமல் தரை வழியாக மேலே கேட்கிறது. நான் என் கட்டிலை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நானும் அவரும் அந்த அறையில்தான் முப்பது வருஷம் படுத்தோம். எனக்கு ஒரு தும்மல் கூட வந்ததில்லை. அவருக்கு இருமல் இருந்தது என்றால் அது பீடி. ஊரே சொன்னது. பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை. விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய் மதகடி அளவுகல்லில் தண்ணீர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று பார்த்து எழுதிவிட்டு வருவார். அந்தக் குளிருக்கு ஒரு பீடி, அந்தத் தனிமைக்கு ஒரு பீடி. ஏகாம்பரம் என்ற மனிதரைப் பீடி கொண்டுபோனது. ஏழு வருஷம் ஆகப்போகிறது. அதன் பிறகுதான், அதுவரை வாடகைக்கு விட்டிருந்த மாடிக்கு நான் ஏறிக்கொண்டு, கீழ்வீட்டை வாடகைக்கு விட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் குழந்தை இருக்கிற வீடு, நாற்றம் போகட்டும் என்று சாயங்காலம் தூபக்கால் நிறையத் தணல் எடுத்து, சாம்பிராணி போட்டுக் கீழே கொண்டுபோனேன். மேற்குச் சுவர், அலமாரி, கட்டிலடி எல்லாம் காட்டினேன். வாசனை அறையிலேயே நிற்கட்டும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். குழந்தையின் ஈரத் தலைக்கும் கொஞ்சம் காட்டினேன். சங்கவி ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நவம்பர் 29, சனி

நேற்று ஏழரை மணிக்குக் குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. சங்கவியின் வீட்டுக்காரர் பிரபு ஷிப்டில் இருந்தார். நான்தான் ஆட்டோ பிடித்துக் கூடப் போனேன். மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மாதிரி மருந்து கொடுத்தார்கள். நெபுலைசர். குழந்தையின் விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.

புகை போட்டீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். சங்கவி என் பக்கம் திரும்பாமலேயே, ஆமாம் என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

மறுபடி ஆஸ்பத்திரி. பிரபு லீவு கிடைக்காமல் திண்டாடுகிறார், நானே துணைக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு என் தங்கை மகள் வயது இருக்கும். சங்கவி போனில் எடுத்து வைத்திருந்த சுவர்ப் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பூஞ்சையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் காற்றில் பறக்கும், எல்லோரையும் ஒன்றும் செய்யாது, ஆனால் மூச்சு பலம் குறைந்தவர்களை வாட்டி எடுத்துவிடும் என்றார். சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுவத்தி எதுவும் கூடாது. குழந்தை அந்த அறையில் படுக்கக் கூடாது. துடைத்தால் போதாது, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைக்க வேண்டும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ரூம்ல முன்னாடி யார் இருந்தாங்க? அவங்களுக்கு ஏதாவது மூச்சுத் தொந்தரவு இருந்துச்சா?”

சங்கவி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். இருபத்தேழு அகல். கீழ்வீட்டு வாசலுக்கும் நானே வைத்தேன். கீழே இப்போது மூன்று பேரும் கூடத்தில் படுக்கிறார்கள். ஆனால் அந்த அறைக்குக் கதவு இருந்தும் நிலை ஈரத்தில் உப்பிச் சாத்த முடியவில்லை.

டிசம்பர் 6, சனி

இன்று துடைப்பு. குழந்தையையும் சங்கவியையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் பிரபுவும் இறங்கினோம். மூக்கில் மாஸ்க், கையில் ரப்பர் உறை. பிரபு காய்ந்த துடைப்பத்தால் பரபரவென்று தேய்க்கப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். காய்ந்தபடி தேய்த்தால் தூள் அறை முழுக்கப் பறக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைத்தோம், பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல், ஜன்னல் இரண்டும் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்து. கக்கூஸ் கழுவும் ஆசிடும் கொஞ்சம் சேர்த்தால் நன்றாகப் போகுமே என்று பிரபு பாட்டிலை எடுத்தார். அடிக்காத குறையாகப் பிடுங்கினேன். இரண்டும் சேர்ந்தால் வரும் ஆவி ஆளையே சாய்த்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா ஒருத்தி அப்படி மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இலவம்பஞ்சு மெத்தையின் அடிப்பக்கம் பச்சையாகப் பூத்திருந்தது. அதை வெயிலில் போட்டாலும் உதவாது, எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன். அலமாரிச் சாமான்களைக் கூடத்துக்கு மாற்றினோம். செய்தித்தாளை மட்டும் தொடவில்லை.

சுவர் வெள்ளையாகிவிட்டது. பிரபு போட்டோ எடுத்து சங்கவிக்கு அனுப்பினார்.

டிசம்பர் 12, வெள்ளி

வந்துவிட்டது. அதே இடம், அதே முறம் அளவு. ஆறே நாள்.

பெயின்டர் சுதாகரைக் கூப்பிட்டேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு அவர்தான் அடிக்கிறார். பூஞ்சை வராத பெயின்ட் ஒன்று வந்திருக்கிறது, இரண்டு கோட் அடித்தால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். வேலையைத் தொடங்கச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சங்கவி கீழேயிருந்து, “சொவரு உள்ளாற ஈரமா இருக்கும்போது மேல அடிச்சா என்னண்ணா ஆகும்?” என்று கேட்டாள். சுதாகர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

முனிரத்தினம் மேஸ்திரி வந்தார். இந்த மாடியைக் கட்டியவர். பதினாறு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார். மேற்குச் சுவரைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே மேலே பார்த்தார். பிறகு மாடிக்கு வந்து என் குளியலறையில் குந்தி உட்கார்ந்து, ஓடுகளின் இடுக்கை ஆணியால் கீறிப் பார்த்தார்.

“இங்கேர்ந்துதான்மா எறங்குது. ஓடுங்களப் பேத்துட்டு, தளத்துக்குப் பூச்சு குடுத்து, தண்ணி கட்டி வச்சுப் பாக்கணும். கீழ காரையைச் செங்கல் தெரிய எடுத்து ஒலர வுடணும். வேற வழி இல்ல.”

பழைய பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

நாளை மறுநாள் மார்கழி பிறக்கிறது. மார்கழியில் வீட்டை இடிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. தை பிறக்கட்டும், முதல் முகூர்த்தத்தில் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம்தானே. மேஸ்திரி, சரிம்மா, உங்க இஷ்டம் என்று சைக்கிளை எடுத்தார். பதினாறு வருஷத்துக்கு முன்னாலும் இதையே சொல்லிவிட்டுத்தான் போனார்.

டிசம்பர் 18, வியாழன்

குளிர். கோலம் பெரிதாகப் போட்டேன். இருமல்.

டிசம்பர் 20, சனி

இன்றைக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். அவர் பீடியை விட்டது 2011 ஆடியில். காஞ்சிபுரத்தில் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார், அதன் பிறகு தொடவில்லை. இருமல் நிற்கவில்லை. பழைய பீடியின் வேலை என்று நானே எல்லோரிடமும் சொன்னேன்.

டிசம்பர் 22, திங்கள்

விடியற்காலை ஐந்தரைக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. சங்கவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோலத்தை மிதித்துத் தாண்டி ஓடினாள். பிரபு வண்டியை உதைத்துக் கிளப்புகிறார். குழந்தை அழவில்லை, அழுவதற்கு மூச்சு வேண்டுமே. அந்தச் சத்தம் மட்டும் வந்தது. தூர்ந்த குழாயில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம்.

அது எனக்குத் தெரிந்த சத்தம். கடைசி இரண்டு மூன்று வருஷம் பக்கத்துத் தலையணையில் கேட்ட சத்தம். எழுந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, என்னை எழுப்பிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இழுப்பார். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பேன். இன்னும் குடி, நன்றாகக் குடி என்று திட்டுவேன். குடிப்பதை விட்டு வருஷங்கள் ஆன மனிதரை.

குழந்தை ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஒன்றுமில்லை. நாளை மாலை விடுவார்களாம்.

டிசம்பர் 23, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் சங்கவி துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். நான் பின்னாலேயே போய், ஒரு நிமிஷம் வா என்று மேற்கு அறைக்கு அழைத்துப் போனேன். அலமாரியின் செய்தித்தாளை ஓரத்திலிருந்து உரித்தேன். ஈரத்தில் ஊறியிருந்ததால் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

பின்சுவரில், மேல்தட்டிலிருந்து கீழே வரை பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் அவருடைய பொடிப்பொடி எழுத்து. ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று வருஷா வருஷம் அளந்து, ஏரிக் கணக்கு எழுதுகிற மாதிரியே எழுதிவைத்திருந்தார்.

2010 கார்த்திகை. 8 அங்குலம். இருமல் இல்லை.
2011 கார்த்திகை. 1 அடி 3 அங்குலம். பீடி இல்லை. இருமல் உண்டு.
2013. 2 அடி 5. இருமல் உண்டு.
2016. 3 அடி 10. இருமல் உண்டு. இழுப்பு உண்டு.

கடைசிக் கோடு 2018. கட்டிலின் தலைமாட்டுக்கு நேராக இருந்தது. அதன் பக்கத்தில் அளவு மட்டும்தான். அடுத்த தையில் அவர் இல்லை.

சங்கவி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். பேப்பர் ஒட்னதே நாந்தான்.”

“தெரிஞ்சேதான் எங்கள இந்த ரூம்ல படுக்க வச்சீங்களா?”

ஆமாம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாடி கட்டும்போது மேஸ்திரி, குளியலறைத் தளத்தில் பத்து நாள் தண்ணீர் கட்டிவைத்து ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஓடு பதிக்க வேண்டும் என்றார். புது மாடியில் பால் காய்ச்ச வைகாசியில் கடைசி முகூர்த்தத்துக்கு நாலே நாள் இருந்தது. அதை விட்டால் ஆவணிதான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, என் அண்ணன் குடும்பம் பெங்களூரிலிருந்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தண்ணீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஓடு பதியுங்கள் என்றேன். நல்ல நாளில் பால் பொங்கியது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

முதல் மழைக்காலத்திலேயே சுவரில் தெரிந்துவிட்டது. அவர் கோடு போட்டுக் காட்டினார். பளபளவென்று இருக்கிற குளியலறையை உடைக்கவா என்று கேட்டேன். பொங்கலுக்கு ஒரு கோட் அடித்தால் சரியாகும் என்றேன். எட்டுப் பொங்கலுக்கு அடித்தேன். அந்தச் சுவரைக் குற்றம் சொன்னால் என்னைச் சொன்னதாக ஆகும், அதனால் பீடியைச் சொன்னேன். அவரும் பிறகு எதிர்த்துப் பேசவில்லை, சுவரில் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டார்.

சங்கவி திட்டுவாள் என்று நின்றேன். அவள் துணியை எடுத்துப் பையில் திணித்தாள். வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

“அந்த டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் போன அன்று கூட இப்படி அழவில்லை.

அழுது முடித்து மேஸ்திரிக்குப் போன் செய்தேன். நாளைக்கே ஆள் கூட்டி வாருங்கள் என்றேன். மார்கழியாச்சேம்மா என்றார். இருக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 24, புதன்

ஒன்பது மணிக்குக் குளியலறை ஓட்டில் முதல் அடி விழுந்தது. பக்கத்து வீட்டு ராஜகுமாரி மதில் மேல் எட்டிப் பார்த்து, என்ன இது மார்கழியில் என்று கேட்டாள். ஒழுகுகிறது, அதனால் என்றேன். பதினாறு வருஷமாக வாயில் வராத சொல், இவ்வளவு சுலபமாக வந்தது.

இலக்கியா இனி என் கூடத்தில் படுக்கட்டும், மாடியில் ஈரம் இல்லை என்று பிரபுவிடம் சொல்லியனுப்பினேன். எனக்குக் குளியல் கீழ்வீட்டில், பிரபுவே சொல்லிவிட்டார். சங்கவி என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஏழு மணிக்குக் குழந்தையைத் தலையணையோடு படிக்கட்டில் விட்டுவிட்டு, அது மேலே வந்து சேர்கிறவரை கீழே நின்றாள்.

டிசம்பர் 29, திங்கள்

கீழே காரையை நனைத்து நனைத்துக் கொத்தி எடுத்தார்கள். அறை வாசலுக்கு பிளாஸ்டிக் தாள் கட்டி, கழிவைச் சாக்கில் இறுக்கிக் கட்டி வெளியேற்றினார்கள். செங்கல் கருப்பாக இருந்தது. அலமாரியின் பின்சுவரையும் எடுக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. அவருக்குத் தெரியும், அது என்ன என்று, படித்துவிட்டிருந்தார். எடுங்கள் என்றேன். அதற்கு முன்னால் ஒருமுறை எல்லாக் கோடுகளையும் இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

தளத்துக்குப் பூச்சு காய்ந்துவிட்டது. இன்று வாசற்படியில் வரப்பு கட்டி, குளியலறையில் தண்ணீர் நிறுத்தினார்கள். இரண்டு அங்குலம். வெயிலுக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போகக் கூடாது என்றார் மேஸ்திரி. பத்து நாள்.

பிரபு வந்து, தை பிறந்ததும் வேறு வீடு பார்த்துப் போகிறோம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சரி என்றேன். போகிற வீட்டில் மேற்கு, தெற்குச் சுவர்களைக் கையால் தடவிப் பாருங்கள், புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் நன்றாகப் பாருங்கள் என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் அளவுகோலோடு போனால் இலக்கியா எனக்கு முன்னால் அங்கே குந்தி உட்கார்ந்திருக்கிறது. அளவை அது படிக்கிறது, நான் எழுதுகிறேன். நேற்றும் இரண்டு, இன்றும் இரண்டு.

ஜனவரி 14, புதன்

போகி. பொங்கலுக்கு இந்தத் தெருவில் பெயின்ட் அடிக்காத வீடு என்னுடையது ஒன்றுதான். கீழே மேற்குச் சுவர் செங்கலாக நிற்கிறது. இன்னும் ஒரு மாதம் உலர வேண்டும். தெருவில் பழசை எரிக்கிற புகை வந்துவிடக் கூடாது என்று விடிவதற்குள் எல்லா ஜன்னலையும் சாத்தினேன்.

வீடு கிடைத்துவிட்டதாம், தை ஏழில் போகிறார்கள். சங்கவி தானே வந்து சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். புது வீட்டில் சுவரைத் தடவிப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன், காய்ந்திருக்கு என்றாள்.

ஜனவரி 15, வியாழன்

இலக்கியா சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு மேலே வந்தது. எண்ணிக்கொண்டே ஏறியது. எட்டாவது படியில் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது நிற்கவில்லை. ஒன்பது, பத்து என்று பதினாறையும் எண்ணிவிட்டு, கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடியது.

மட்டம் 2 அங்குலம். குறைவு ஒரு நூல். மழை இல்லை. இருமல் இல்லை.